வரிபாக்கிக்கு மஞ்சக் கடுதாசி கொடுக்கலாமா?

வரிக்கடனை மட்டும் திவால் கொடுத்து கழட்ட முடியாது, அது சாகுற வரைக்கும் கூடவே வரும்னு இங்க அமெரிக்கால யாரைக் கேட்டாலும் அடிச்சு சொல்லுவாங்க. எனக்கு ரொம்ப வேண்டிய ஒரு அண்ணன், "தம்பி, கிரெடிட் கார்டு போகும், ஆஸ்பத்திரி பில்லு போகும், ஐஆர்எஸ் மட்டும் போகாதுடா, வீணா வக்கீலுக்கு காசு கொடுக்காத"ன்னு சொன்னாரு. ஐஆர்எஸ்னா இங்கத்த வருமான வரித்துறை. அண்ணன் சொன்னது பாதிதான் சரி. வருமான வரி பாக்கி போகும், ஆனா வயசான பாக்கிதான் போகும், அந்த வயசை எப்படி எண்ணறதுங்கிறதுலதான் மொத்த கதையும் இருக்கு. கொஞ்ச மாசமா நானும் என் வீட்டுக்காரியும் ராத்திரி ராத்திரியா இதைத்தான் பேசிக்கிட்டு இருக்கோம், தமிழ்ல இதைப் பத்தி யாரும் விளக்கமா எழுதி நான் பாக்கல, அதனால எழுதறேன். நான் வக்கீல் இல்ல, இதைப் படிச்சுட்டு யாரும் நேரா கோர்ட்டுக்கு கிளம்பிடாதீங்க.

எங்க நிலைமைய சுருக்கமா சொல்லிடறேன். 2020-ல எனக்கு சம்பள வேலை போச்சு, கான்ட்ராக்ட் வேலை எடுத்தேன், 1099-ன்னு சொல்லுவாங்க, கொடுத்த காசை க்ளையன்ட் ஐஆர்எஸ்க்கு சொல்ற படிவத்தோட நம்பர் அது. 1099-ல யாரும் உங்களுக்காக வரி பிடிக்க மாட்டாங்க, வருமான வரி போக சுயதொழில் வரின்னு தனியா 15.3 சதவீதம் வேற, மூணு மாசத்துக்கு ஒரு தடவ நாமளே கட்டணும். வந்த காசு வீட்டுத் தவணைக்கும் வைத்தியத்துக்குமே சரியா போச்சு. ரிட்டர்ன் மட்டும் எல்லா வருஷமும் கெடுவுக்குள்ள போட்டோம், காசுதான் கட்டல. 2020, 2021, 2022 மூணு வருஷம் சேத்து வட்டி அபராதத்தோட இப்போ 67 ஆயிரம் டாலர் பக்கம் நிக்குது. இதுல வேடிக்கை என்னன்னா, 2022 பிப்ரவரில இருந்து ஐஆர்எஸ் நினைவூட்டல் கடுதாசிய எல்லாம் நிறுத்தி வெச்சிருந்தாங்க, கொரோனா நேரத்து வேலைக் குவியல்ல. அது 2024 ஜனவரிலதான் மறுபடி ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் தபால்பெட்டி அமைதியா இருந்துச்சு, அப்புறம் எல்டி 38-ன்னு ஒரு நம்பர் போட்ட கடுதாசி, வருஷத்துக்கு ஒண்ணா வந்து நின்னுச்சு. ஒரு நல்லது, 2020, 2021 ரெண்டு வருஷத்துக்கும் அந்த நிறுத்தி வெச்ச காலத்துல வரி கட்டாததுக்கான அபராதத்தை அவங்களே தள்ளுபடி பண்ணிட்டாங்க, ஒரு வருஷத்து வரி ஒரு லட்சம் டாலருக்கு உள்ள இருந்தவங்களுக்கு. வட்டி தள்ளுபடி கிடையாது. 2025-ல வட்டி 7 சதவீதமா இருந்துச்சு, அதுவும் தினசரி கூட்டு வட்டி.

முதல்ல மண்டையில ஏத்திக்க வேண்டியது, இது ஒரே கடன் இல்ல. 67 ஆயிரம்னு ஒரே தொகையா பாத்தா ஒண்ணும் புரியாது. 2020 ஒரு கடன், 2021 ஒரு கடன், 2022 ஒரு கடன், ஒவ்வொண்ணுக்கும் தனி ஜாதகம். வக்கீலம்மாவ பாக்கப் போனப்போ நான் கடுதாசிய எல்லாம் ஒரு ஃபைல்ல அடுக்கி கொண்டு போனேன், அவங்க அதைத் தொடவே இல்ல, அக்கவுன்ட் ட்ரான்ஸ்கிரிப்ட் எங்கன்னு மட்டும் கேட்டாங்க. அது நம்ம வரிக்கணக்குல ஐஆர்எஸ் போட்ட பதிவுகளோட பட்டியல், அவங்க வெப்சைட்ல லாகின் பண்ணா ஒவ்வொரு வருஷத்துக்கும் இலவசமா எடுக்கலாம். இடது பக்கம் மூணு இலக்க கோடு, நடுவுல ரெண்டு வார்த்தை விளக்கம், பக்கத்துல தேதி, கடைசில தொகை. 150-ன்னா ரிட்டர்ன் ஏறி வரி பதிவான தேதி. 196 வட்டி. 276 வரி கட்டாததுக்கு அபராதம். 971 கடுதாசி அனுப்பினது. 582 வந்தா சொத்து மேல லியன், அதாவது கடனுக்கு ஈடா அரசோட உரிமை, போட்டுட்டாங்கன்னு அர்த்தம். 480-ன்னா, பாக்கில ஒரு பகுதிய மட்டும் கட்டி முடிச்சுக்கறேன்னு கேக்கற சமரச விண்ணப்பம் நிலுவைல இருக்குன்னு. அவங்க ஒரு பென்சில வெச்சுக்கிட்டு தொகைப் பக்கமே பாக்காம தேதிய மட்டும் வட்டம் போட்டுக்கிட்டே வந்தாங்க.

ஏன் தேதின்னா, சாப்டர் 7-ல, அதாவது திட்டம் போட்டு கட்டாம கடனை நேரா கழிச்சுவிடற திவால் வகைல, வருமான வரி போகணும்னா மூணு கணக்கும் ஒத்து வரணும். ரிட்டர்ன் போட வேண்டிய கெடு, எக்ஸ்டென்ஷன் வாங்கியிருந்தா அந்த நீட்டிச்ச கெடு, அது திவால் பெட்டிஷன் போடற நாளுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி இருக்கணும். ரிட்டர்ன நீங்க உண்மையா போட்ட நாள் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இருக்கணும். அந்த வரிய ஐஆர்எஸ் அவங்க புத்தகத்துல பதிவு பண்ண நாள் 240 நாளுக்கு முன்னாடி இருக்கணும். இதுல ஒண்ணு உதைச்சாலும் அந்த வருஷம் மட்டும் அப்படியே கூடவே வரும், மத்த வருஷம் போகும். இது போக ஏமாத்து ரிட்டர்ன், வேணும்னே வரி ஏய்ப்பு இருந்தா எத்தனை வருஷம் ஆனாலும் போகாது. வரிய கட்டாம வெச்சுக்கிட்டே புது கார், கப்பல் டூர்னு செலவு பண்ணதைக் கூட கோர்ட் ஏய்ப்புக்கு அடையாளமா எடுத்துக்கிட்ட வழக்குகள் இருக்கு.

ரிட்டர்னே போடாதவங்க கதை வேற. நீங்க போடாம விட்டா ஐஆர்எஸ்ஸே உங்க பேர்ல ஒண்ணு போட்டு வரி போடுவாங்க, அது நீங்க போட்ட ரிட்டர்னா கணக்கு ஆகாது. லேட்டா போட்டவங்களுக்கு இன்னும் கொடுமை, சில சர்க்யூட் கோர்ட்டுகள்ல, அதாவது சில மாநிலங்களுக்குப் பொதுவான மேல்முறையீட்டு கோர்ட்டுகள்ல, ஒரே ஒரு நாள் லேட்டா போட்டிருந்தாலும் அந்த வருஷம் எப்பவுமே போகாதுன்னு தீர்ப்பு இருக்கு, வேற சில சர்க்யூட்ல அவ்வளவு கறார் இல்ல. நீங்க எந்த மாநிலத்துல இருக்கீங்கன்றதை வெச்சு ஒரே தப்புக்கு ரெண்டு தலையெழுத்து. காசு இல்லாட்டியும் ரிட்டர்ன மட்டும் கெடுவுக்குள்ள போட்டுடுங்கன்னு ஏன் சொல்றாங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. கம்பெனி நடத்தி வேலைக்காரங்க சம்பளத்துல பிடிச்ச வரிய கட்டாம விட்டவங்களுக்கு சாப்டர் 7, தவணைல கட்டற திவால் வகையான சாப்டர் 13, எதுலயும் வழி இல்ல, அது அடுத்தவங்க காசு, எத்தனை வருஷம் ஆனாலும் போகாது.

சரி, எங்க ஜாதகம். 2020-க்கு கெடு வழக்கமான ஏப்ரல் 15 இல்ல, கொரோனாவால 2021 மே 17-க்கு தள்ளி வெச்சாங்க, மூணு வருஷம் 2024 மே-லயே முடிஞ்சுது. கிட்டத்தட்ட 31 ஆயிரம், அது பழுத்தாச்சு. 2021-க்கு கெடு 2022 ஏப்ரல் 18, அந்த மூணு வருஷமும் 2025 ஏப்ரல்ல முடிஞ்சுது. ஆனா அந்த வருஷத்துல ஒரு வில்லங்கம், ஒரு க்ளையன்ட் கொடுத்த 1099 எங்களுக்கு வராம ஐஆர்எஸ்க்கு மட்டும் போயிருந்துச்சு, அவங்க ஒப்பிட்டுப் பாத்து கூடுதல் வரி போட்டாங்க, ட்ரான்ஸ்கிரிப்ட்ல 2024 நவம்பர் 18-ன்னு இன்னொரு பதிவு. அந்த கூடுதல் தொகைக்கு மட்டும் 240 நாள் புதுசா ஓடணும். எண்ணிப் பாத்தா 2025 ஜூலை 16. அதுக்கு முன்னாடி வாரம் ஆத்திரத்துல பெட்டிஷன் போட்டிருந்தா அந்தத் தொகை அப்படியே தலைமேலயே நின்னிருக்கும்.

2022-தான் சிக்கல். நான் கெடு 2023 ஏப்ரல் 18-ன்னு நினைச்சு, 2026 ஏப்ரல் வந்தா எல்லாம் முடியும்னு மனசுல கணக்கு போட்டு வெச்சிருந்தேன். வக்கீலம்மா பென்சில 460-ன்ற கோடு மேல வெச்சாங்க. எக்ஸ்டென்ஷன். எங்க அக்கவுன்டன்ட் பழக்கதோஷத்துல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு வெச்சிருக்காரு, ரிட்டர்ன் போனது என்னவோ மே மாசமே, ஆனா கெடு 2023 அக்டோபர் 16-க்கு போயிடுச்சு. அப்போ 2022-க்கு மூணு வருஷம் முடியறது 2026 அக்டோபர். ஆறு மாசம் ஒரு கோடுல போச்சு.

அப்போ அதுவரைக்கும் சும்மா இருந்துட்டு 2026 அக்டோபர் தாண்டி மொத்தமா கொடுத்துட வேண்டியதுதானேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. இங்கதான் இடிக்குது, ஏன்னா காத்திருக்கற காலத்துல ஐஆர்எஸ் கைய கட்டிக்கிட்டு இருக்க மாட்டாங்க. சொத்துல லியன் பதிவு பண்ணிட்டா, அப்புறம் திவால்ல நம்ம பேர்ல இருக்கிற கடன் போனாலும், அன்னிக்கு நம்மகிட்ட இருந்த வீட்டு மேல இருக்கிற லியன் போகாது. வீட்ட விக்கும்போது வந்து நிப்பாங்க. 401கே மாதிரி ஓய்வுப் பணத்தை மத்த கடன்காரங்க தொடவே முடியாது, ஐஆர்எஸ் லியன் அதையும் விடாது. காத்திருந்தா தேதி பழுக்கும், ஆனா லியன் விழற அபாயமும் ஏறும், ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது.

லியன தடுக்கலாம்னு எதையாவது பண்ணப் போனா அது இன்னொரு பொறி. சமரச விண்ணப்பம் போட்டா, அதாவது ஃபார்ம் 656, அது நிலுவைல இருக்கிற காலமும் கூட 30 நாளும் அந்த 240 நாள் கணக்கு நிக்கும். பறிமுதல் கடுதாசி வந்ததும் 30 நாளுக்குள்ள விசாரணை கேக்க உரிமை இருக்கு, நல்ல உரிமைதான், ஆனா அதைக் கேட்டா அந்தக் காலமும் மேல 90 நாளும் மூணு வருஷக் கணக்கும் சேந்து நிக்கும். முன்னாடி ஒரு தடவ திவால் போட்டு தள்ளுபடியாகி இருந்தாலும் இதே கதிதான். மூச்சு விட நேரம் கேட்டா அந்த நேரத்தை அவங்க கணக்குல சேத்துக்கறாங்க. தவணை ஒப்பந்தம் போட்டாலோ, இப்போதைக்கு வசூலிக்க முடியாத கணக்குன்னு ஒதுக்கி வைக்கச் சொன்னாலோ இந்தக் கடிகாரம் நிக்காது. இந்த வித்தியாசம் தெரியாம ராத்திரி டிவி விளம்பரத்துல வர்ற, டாலருக்கு பத்து காசு கொடுத்து முடிச்சுத் தர்றோம்னு சொல்ற ஆளுங்ககிட்ட போய் விழுந்தா, அவங்க முதல் வேலையா ஃபார்ம் 656-ஐத்தான் போடுவாங்க. கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்குவாங்க, அது வேற.

சமரசம் எங்களுக்கு ஏன் ஒத்து வரலன்னும் சொல்லிடறேன். ஐஆர்எஸ் பாக்கறது நம்ம கஷ்டத்தை இல்ல, நம்மகிட்ட இருந்து எவ்வளவு எடுக்க முடியும்னு. வீட்டோட மதிப்புல 80 சதவீதம் எடுத்து வீட்டுக்கடன கழிப்பாங்க, அதோட மாசா மாசம் மிஞ்சறதை 12-ஆல பெருக்கி, தவணையா கட்டறதுன்னா 24-ஆல பெருக்கி கூட்டுவாங்க. எங்க வீடு விலை ஏறிக் கிடக்கு, கையில காசு இல்லாட்டியும் காகிதத்துல நாங்க பணக்காரங்க. மொத்த பாக்கிய விட அந்தக் கூட்டுத்தொகை ஜாஸ்தி, கதை முடிஞ்சுது. வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது நல்ல வழியா இருக்கலாம்.

சாப்டர் 13 பத்தியும் யோசிச்சோம். மூணுல இருந்து அஞ்சு வருஷத்துக்கு கோர்ட் மேற்பார்வைல திட்டம் போட்டு கட்டறது. பழுக்காத வருஷத்தை முழுசா கட்டணும், ஆனா அதுக்கு பெட்டிஷன் போட்ட நாள்ல இருந்து வட்டி ஏறாது, பழுத்த வருஷங்கள் மத்த கடன்களோட வரிசைல நின்னு கிடைச்சதை வாங்கிக்கும். கடைசி நாலு வருஷ ரிட்டர்னும் போட்டிருக்கணும். நிலையான சம்பளக்காரங்களுக்கு, வீட்டுல நிறைய மதிப்பு மாட்டிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு, இது அருமையான ஏற்பாடு. என்னோட வருமானம் ஒரு மாசம் வரும், ரெண்டு மாசம் வராது, நடுவுல தவணை தவறினா கேஸையே தள்ளுபடி பண்ணிடுவாங்க, கடிகாரமும் குழம்பிடும்.

இதுக்கு நடுவுல வீட்டுல நடந்த பேச்சுதான் உண்மையான திருப்பம். என் நினைப்பு என்னன்னா, தொழில் என்னோடது, நான் மட்டும் திவால் கொடுத்துட்டா என் வீட்டுக்காரி கிரெடிட் பாழாகாம இருக்கும், சாப்டர் 7 பத்து வருஷம் ரிப்போர்ட்ல நிக்குமே. அவ ஒரே கேள்விதான் கேட்டா. "ஜாயின்ட் ரிட்டர்ன்ல ரெண்டு பேருந்தானங்க கையெழுத்து போட்டோம், நீங்க மட்டும் தப்பிச்சுட்டா அவன் என் சம்பளத்துல கை வைக்க மாட்டானா?" வைப்பான். சேந்து போட்ட ரிட்டர்னுக்கு முழுத் தொகைக்கும் ரெண்டு பேருமே தனித்தனியா பொறுப்பு. நான் மட்டும் போனா என் பேருதான் கழியும், அடுத்த மாசம் கடுதாசி அவ பேருக்கு வரும். துணைக்குத் தெரியாம நடந்த தப்புக்கு ஃபார்ம் 8857-ன்னு ஒரு நிவாரணம் இருக்கு, ஆனா ரிட்டர்ன்ல என்ன இருந்துச்சு, காசு கட்டலன்னு எல்லாமே அவளுக்குத் தெரியும், அதை எப்படி கேக்கறது. அதனால போனா ரெண்டு பேரும் போகணும், இல்லன்னா போகக்கூடாது. இந்த முடிவுக்கு வர எங்களுக்கு வக்கீல் தேவைப்படல.

ரெண்டு பேரும் சேந்து போனா அவ சம்பளமும் கணக்குல வருமே, வருமானம் மாநில நடுத்தர அளவ தாண்டினா சாப்டர் 7 கிடைக்காதேன்னு பயந்தோம். அங்க ஒரு நல்ல சேதி. அந்த வருமானச் சோதனை நுகர்வுக் கடன், அதாவது சொந்த, குடும்பத் தேவைக்கு வாங்கின கடன், பெரும்பங்கா இருக்கிறவங்களுக்குத்தான், வரிபாக்கிய கோர்ட்டுகள் நுகர்வுக் கடனா எடுத்துக்கறது இல்ல. நம்ம மொத்த கடன்ல பாதிக்கு மேல வரிதான்னா அந்தச் சோதனையே கிடையாது. வீட்டுக்கடன் நுகர்வுக் கடன்லதான் சேரும், அதனால எங்க கணக்குல இது நூலிழைல நிக்குது, வக்கீலம்மா இன்னும் கூட்டிக் கழிச்சுக்கிட்டு இருக்காங்க.

சொந்த ஊர்ல அப்பா சொத்துல பங்கு இருக்கே, அதைச் சொல்லணுமான்னு ஒரு நண்பன் என்கிட்ட ரகசியமா கேட்டான். சொல்லணும் மச்சி. சொத்து உலகத்துல எங்க இருந்தாலும் கோர்ட்டுக்கு கொடுக்கற அட்டவணைல வரணும், மறைச்சா கடன் கழியாதது மட்டும் இல்ல, அது கிரிமினல் குற்றம். போறதுக்கு முன்னாடி தம்பி பேருக்கு மாத்தி எழுதறதும் உதவாது, அந்த மாதிரி கைமாத்தின சொத்தை ட்ரஸ்டி, அதாவது திவால் கேஸை கவனிக்கற அதிகாரி, திரும்ப இழுக்க முடியும், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததைக் கூட தாராளமா. அதே மாதிரி இன்னொருத்தர் சொன்னாரு, வரிய கிரெடிட் கார்டுல கட்டிட்டு அப்புறம் கார்டுக்கடன திவால்ல கழட்டுன்னு. கழியாத வரிய கட்டறதுக்கு வாங்கின கடனும் கழியாதுன்னு சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்க, நம்மள மாதிரி யோசிச்சவங்க நிறைய பேரு போல.

கடைசில வழி வந்தது சின்ன விஷயத்துல இருந்து. 2022 பாக்கி மூணுலயும் சின்னது, ஒம்பதாயிரம் பக்கம். நாமளா மனசு வந்து கட்டற பணத்தை எந்த வருஷத்துக்கு வரவு வைக்கணும்னு நாமளே சொல்லலாம், ஆன்லைன்ல கட்டும்போது வருஷத்தை தேர்ந்தெடுக்கற இடமே இருக்கு. சொல்லலன்னா அவங்களுக்கு எது லாபமோ அதுல வெச்சுக்குவாங்க, தவணை ஒப்பந்தத்துல போனாலும் அப்படித்தான், பெரும்பாலும் பழைய வருஷத்துல. பழைய வருஷம்னா எப்படியும் திவால்ல போகப்போற வருஷம், அதுல கொட்டற காசு தண்ணில கொட்டற காசு. அதனால இப்போ கிடைக்கிற ஒவ்வொரு டாலரும் 2022-ன்னு தட்டித்தான் போகுது. அது முடிஞ்சா மிச்சம் 2020-உம் 2021-உம்தான், ரெண்டும் பழுத்தது, 2026 அக்டோபர் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. மொத்தமும் 58 ஆயிரத்துக்கு இறங்கிடும், வரிபாக்கி தாண்டினா பாஸ்போர்ட்டுக்கு வேட்டு வைக்கிற வரம்பு 2025-ல 64 ஆயிரமா இருந்துச்சு, அதுக்கும் கீழ வந்துடுவோம். ஒரு எச்சரிக்கை, பெட்டிஷனுக்கு முந்தின 90 நாள்ல பெரிய தொகை யாருக்குக் கொடுத்திருந்தாலும் ட்ரஸ்டி கேள்வி கேப்பாங்க, ஐஆர்எஸ்க்கு கொடுத்ததா இருந்தாலும். அதனால 2022-ஐ முடிச்ச கையோட ஓடிப்போய் போட முடியாது, கொஞ்சம் ஆறப்போடணும்.

திவால் கொடுத்தவன்னு நாலு பேரு பேசுவாங்கன்னு என் அம்மாவுக்கு கவலை. எனக்கு அந்தக் கவலை இல்ல, கட்ட முடியாத கடனுக்கு சட்டம் ஒரு கதவு வெச்சிருக்கு, அதைத் தட்டறது திருட்டு இல்ல. எனக்கு இருக்கிற கவலை அந்த லியன் கோடு 582 ஒண்ணுதான். வாரத்துக்கு ஒரு தடவ லாகின் பண்ணி ட்ரான்ஸ்கிரிப்ட்ல அந்தப் பதிவு வந்திருக்கான்னு பாக்கறேன். வராம இருந்தா 2022 முடிஞ்சு 90 நாள் கழிச்சு ரெண்டு பேரும் சேந்து சாப்டர் 7. வந்துட்டா வீட்டு மதிப்பை வெச்சு சாப்டர் 13-ஐ மறுபடி எடுத்துப் பேசணும்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க. கோர்ட் கட்டணம் 338 டாலர் தனியா எடுத்து வெச்சாச்சு. போறதுக்கு முன்னாடி கிரெடிட் கவுன்சிலிங் கோர்ஸ் ஒண்ணு கட்டாயம், வீட்டுல உக்காந்தே ஆன்லைன்ல முடிச்சுடலாம், ஆனா அந்த சர்டிஃபிகேட் 180 நாள்தான் செல்லும், அதனால இன்னும் எடுக்கல.